இரண்டு பழைய கார்டா, ஒரு புதியதா?

கொக்குவில் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஜிடிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் கார்ட் (திரைப் படத்தை வரைவது) ஒன்று இருந்தது. இன்னொன்றைப் பழசாக வாங்கி எஸ்எல்ஐயில் (இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் முறை) பூட்டினேன். கார்ட் நினைவகம் நாலும் நாலும் எட்டு ஜிபி என்று கணக்குப் போட்டது என் மடமை. இரண்டிலும் ஒரே தரவுதான் இருக்கும், ஆகவே பாவனைக்கு 4 தான். சில கேம்களில் இரண்டாவது கார்ட் சும்மா கிடந்தது. மற்றவற்றில் எஃப்பிஎஸ் (செக்கனுக்கு வரும் ஃபிரேம்கள், அதாவது தனிப் படங்கள்) உயர்ந்தும் படம் திக்கித் திக்கி ஓடியது. இரண்டு கார்டும் ஃபிரேம்களை மாறி மாறி வரைவதால் இடைவெளி சீராக வராது. சித்திரை வெயிலில், கீழ்க் கார்டின் சூட்டோடு மேல் கார்ட் 80 பாகையைத் தாண்டியது. "உதுக்கு மேல கேத்திலை வைச்சால் தேத்தண்ணி கொதிக்கும்" என்று அம்மா சிரித்தார்.

சரி என்று இரண்டையும் விற்று, ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கினேன்: 12 ஜிபி, 170 வாட். பழைய சோடி 290 வாட்! இரண்டையும் இணைத்த எஸ்எல்ஐ பாலம் மட்டும் இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.