குடியிருப்பு இசைவிழாவில் பறையும் நாகசுரமும்: ஏற்பாட்டாளர் கவனிக்க வேண்டியவை

பொங்கலை ஒட்டிக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் நடத்தும் இசைவிழாக்களுக்கு உள்ளூர்ப் பறைக் குழுவையும், நாகசுரமும் தவிலும் வாசிக்கும் நையாண்டி மேளத்தையும் அழைப்பவர்கள், மெல்லிசைக் குழுவுக்காகப் போட்ட மேடையிலேயே அவர்களையும் ஏற்றிவிடுவதால் வாசிப்பின் பாதி அழகு வீணாகிவிடுகிறது. என்ன கருவி, எத்தனை பேர், எவ்வளவு இடம் என்பதை ஒரு வாரம் முன்னதாகவே குழுவின் மூத்த கலைஞரிடம் நேரில் கேட்டறிந்த பிறகே மேடைக்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் சொல்ல வேண்டும்.

பறைக்கு முதலில் தேவைப்படுவது நெருப்பு. தை மாதத்து மாலைப் பனியில் தோல் ஈரம் ஏறித் தளர்ந்து ஓசை மந்தமாகிவிடும் என்பதால், வாசிப்பதற்குச் சற்று முன்னும், நிகழ்ச்சி நீண்டால் இடையிலும், வைக்கோலோ காகிதமோ கொளுத்தி அந்த அனலில் காய்ச்சி விறைப்பேற்றுவார்கள். ஆகவே பந்தலிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் தள்ளி, மண்தரையில் ஓர் இடம் ஒதுக்கி, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரும் மணலும் வைத்துவிடுங்கள். நெருப்புக்கு அஞ்சிச் செயற்கைத் தோல் பறையைக் கொண்டுவரச் சொல்பவர்களும் உண்டு. மழைக்காலத்துக்கு அது உதவும் என்றாலும், காய்ச்சிய தோலின் கணீரென்ற ஓசையை அதில் எதிர்பார்க்க முடியாது என்பதே என் கருத்து. பறையாட்டம் அடவு வைத்து ஆடிக்கொண்டே வாசிக்கும் கலையாதலால், மேடையைவிட, மக்கள் சுற்றி நிற்கும் திறந்த களமே அதற்குப் பொருந்தும்.

நாகசுரமும் தவிலும் திறந்தவெளியில் ஒலிபெருக்கி இல்லாமலே நெடுந்தொலைவு கேட்கக்கூடியவை. கூட்டம் பெரிதாக இருந்து ஒலிவாங்கி வைத்தே ஆகவேண்டுமானால், அதை நாகசுரத்தின் அடிமுனையில் விரிந்திருக்கும் அணைசின் வாய்க்குள் நுழைப்பதுபோல் வைக்காமல் சில அடி தள்ளி வையுங்கள். விரல் துளைகள் வழியாகவும் ஓசை வெளிப்படுவதால் அப்போதுதான் நாதம் முழுமையாகக் கேட்கும். நாகசுரத்துக்கும் வாய்ப்பாட்டுக்கும் சுருதி பெரும்பாலும் ஒத்துப்போகாது. முன்கூட்டியே ஒத்திகை பார்க்காமல், “கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டு” என்று மேடையில் திடீரென அறிவிப்பது இரு தரப்பாருக்கும் சங்கடம். நாகசுரத்தில் வாய்வைத்து ஊதும் சீவாளியை நனைத்துப் பதப்படுத்தவும், தவில்காரர் விரல்களில் கூடு மாட்டிக்கொள்ளவும் அவகாசம் வேண்டுமாதலால், அழைத்தவுடன் வாசிக்கச் சொல்லாமல் கால் மணி நேரமாவது கொடுங்கள்.

ஒலிபெருக்கிக்குக் காவல்துறையின் அனுமதியை எழுத்து மூலம் பெற வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தக் கூடாது. முன்னால் பேசுபவர்கள் நேரத்தை நீட்டிவிட்டு, கடைசியில் வரும் மேளக்காரரின் நேரத்தைக் குறைப்பதே பல இடங்களில் நடக்கிறது என்பதால், மேளக்காரர்களை மாலை 6 மணிக்கே தொடங்கச் சொல்லுங்கள். வரவேற்புரையை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.

சம்பளத்தை முன்பே பேசி அச்சாரம் கொடுத்து, மீதியை அவர்கள் கருவிகளை உறையிலிட்டுக் கட்டி முடிப்பதற்குள் கையில் சேர்ப்பதோடு, வண்டிச் செலவையும் சாப்பாட்டையும் அதில் கழிக்காமல் தனியே ஏற்றுக்கொள்ள வேண்டும். அழைப்பிதழில் “பறைக் குழுவினர்” என்று பொதுவாக அச்சிடாமல், பாடகரின் பெயரை எந்த அளவில் போடுகிறீர்களோ அதே அளவில் ஒவ்வொரு கலைஞரின் பெயரையும் போடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்துகள் சரிதானா என்று அவர்களிடமே காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.