ஃபோர்டு மாடல் டி காரை ஓட்டுவது எப்படி

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேலாகத் தயாரிக்கப்பட்ட ஃபோர்டு மாடல் டி காரிலும், இன்றைய கியர் வண்டியைப் போலவே, தரையில் மூன்று மிதிகள் இருக்கின்றன. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. வலக்கோடியில் இருப்பது பிரேக், நடுவில் இருப்பது ரிவர்ஸ், இடக்கோடியில் இருப்பது கிளட்ச் என்று அழைக்கப்பட்டாலும் கியரையும் அதுவே மாற்றுகிறது. காலுக்கு ஆக்சிலேட்டரே கிடையாது. ஸ்டியரிங்கின் அடியில் வலப்புறம் உள்ள சிறு நெம்புகோல்தான் அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே எஞ்சினைக் கிளப்பும் முன், நின்ற வண்டியில் அமர்ந்து கால்களைப் புதிதாகப் பழக்கிக்கொள்ளுங்கள். கியர் வண்டியில் கைதேர்ந்தவர்களுக்கே இது கூடுதலாகத் தேவைப்படும்.

கிளப்புவதற்கு முன் தரையிலிருந்து எழும் கைநெம்புகோலை முழுவதும் பின்னால் இழுத்துவிட வேண்டும். அது நியூட்ரலில் வைப்பதோடு பின்சக்கரங்களையும் பிடித்துக்கொள்ளும். அடுத்து, ஸ்டியரிங்கின் இடப்புறம் உள்ள நெம்புகோலை முழுவதும் மேலே தள்ளுங்கள். எஞ்சினுக்குள் எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்துவது இதுவே. இதை மறந்தால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்து, சுற்றுகிற கையின் எலும்பை முறித்துவிடக்கூடும். எஞ்சினைச் சுற்றிக் கிளப்புவதற்கான முன்புறக் கைப்பிடியை இடக்கையால், கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்து, கீழிருந்து மேலாக வெடுக்கென்று இழுக்க வேண்டும். ஒருபோதும் கீழ்நோக்கி அழுத்தக் கூடாது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இடப்புற நெம்புகோலைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்கினால் அதன் ஓசை சீராகும்.

புறப்படுகையில் இடது மிதியைப் பாதியளவு அழுத்திப் பிடித்தபடி கைநெம்புகோலை முன்னால் தள்ளுங்கள். பாதி அழுத்தம் என்பது நியூட்ரல். எரிபொருளைச் சற்றுக் கூட்டி மிதியைத் தரைவரை அழுத்தினால் முதல் கியரில் வண்டி நகரும். வேகம் பிடித்ததும் எரிபொருளைக் குறைத்து மிதியை விட்டுவிட்டால் இரண்டாம் கியர் தானே விழும். முன்னோக்கிச் செல்ல இருப்பவை இந்த இரண்டே.

நிறுத்துவதற்கு எரிபொருளைக் குறைத்து, இடது மிதியைப் பாதியில் நிறுத்தி, வலது மிதியை அழுத்த வேண்டும். அந்த பிரேக் சக்கரங்களை அன்றி கியர்பெட்டியின் உருளையையே பிடிக்கிறது. முன்சக்கரங்களுக்கு பிரேக்கே இல்லை. எனவே முன்வண்டியிலிருந்து நன்றாகவே விலகி ஓட்டுங்கள்.

பெட்ரோல் தொட்டி இருக்கையின் அடியில் இருப்பதாலும், பம்ப் இல்லாமல் பெட்ரோல் தானாகவே இறங்கி வருவதாலும், தொட்டியில் அளவு குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் எஞ்சின் அணைந்துபோகும். அத்தகைய இடத்தில் வண்டியைத் திருப்பி, நடு மிதியை அழுத்திப் பின்புறமாகவே ஏறுவதுதான் அக்கால ஓட்டுநர்களின் வழக்கம்.