ஒற்றை அணு எந்திரம்: கால்குலேட்டரில் ஓட்டிப் பார்ப்போம்

ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டரும், பதினொன்றாம் வகுப்பில் படித்த கார்னோ எந்திரத்தின் நினைவும் இருந்தால் போதும்.

நம் எந்திரம் இரண்டே ஆற்றல் மட்டங்கள் கொண்ட ஓர் அணு. பிஸ்டன் கிடையாது. காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்து மட்டங்களின் இடைவெளியை மாற்றுவோம், அதுதான் பிஸ்டன். வெறும் காகிதக் கணக்கு என்று நினைக்காதீர்கள்: 2016இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒற்றைக் கால்சியம் அயனியை வைத்தே வெப்ப எந்திரம் ஓட்டியிருக்கிறார்கள்.

படி 1: வெப்பநிலை. குளிர்ந்த பக்கத்துக்கு வேலூர் கத்திரி வெயிலையே எடுப்போம்: 42 டிகிரி, அதாவது 315 கெல்வின். (ஆமாம், குளிர்ந்த பக்கம்தான்!) சூடான பக்கம் 630 கெல்வின். கார்னோ எல்லை, அதாவது இந்த இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையே எந்த வெப்ப எந்திரமும் தாண்ட முடியாத திறன், 50 சதவீதம். வெப்பநிலையை ஆற்றலாக மாற்றித் தரும் போல்ட்ஸ்மன் மாறிலியை 315ஆல் பெருக்கி வருவதை 1 அலகு என்று வைத்துக்கொண்டால், சூடான பக்கம் 2 அலகு.

படி 2: சூடேற்றம். இடைவெளி 3 அலகு. அணு மேல் மட்டத்தில் இருக்கும் நிகழ்தகவு 1 ÷ (இ^1.5 + 1). இ என்பது 2.718; அதன் அடுக்கில் உள்ள 1.5, இடைவெளியை வெப்பநிலையால் வகுத்தது. விடை 0.182.

படி 3: சுருக்கம். வெப்பத் தொடர்பைத் துண்டித்து இடைவெளியை 2 ஆக்குங்கள். நிகழ்தகவு மாறாது. வேலை வெளிவருவது இங்கேதான்: இடைவெளி குறைந்தது 1 அலகு, ஆக 1 × 0.182.

படி 4: குளிர்விப்பு. இப்போது 1 ÷ (இ^2 + 1) = 0.119.

படி 5: விரிவு. இடைவெளியைத் திரும்ப 3 ஆக்க 1 × 0.119 செலவாகும்.

நிகர வேலை 0.063 அலகு. ஜூலில் சொன்னால் சுமார் 2.7 × 10^-22. சூடான பக்கத்திலிருந்து வாங்கியது 3 × 0.063. ஆக, பயனுறு திறன் 33 சதவீதம். கவனித்தீர்களா, நிகழ்தகவு அடிபட்டுப்போய் 1 − 2/3 மட்டும் மிஞ்சுகிறது. இடைவெளிகளின் விகிதம்தான் திறனைத் தீர்மானிக்கிறது.

அப்படியென்றால் சின்ன இடைவெளியை இன்னும் குறைத்துவிடலாமே? 1.6 போடுங்கள்: திறன் 47 சதவீதம், வேலையோ 0.020தான். சரியாக 1.5 போட்டால் கார்னோவின் 50 சதவீதமே வந்துவிடும், வேலை பூஜ்யம். நம் பாலாறு மாதிரி, பேர் பெரிசு, தண்ணீர் இல்லை. வேலை அதிகம் கிடைப்பது 2.15 பக்கத்தில், 0.066 அலகு, அங்கே திறன் 28 சதவீதத்துக்கு இறங்கிவிடும். திறனை மட்டும் பார்த்து எந்திரத்தை மெச்சுவது எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

'கார்னோவை முறியடித்த குவாண்டம் எந்திரம்' என்று செய்தி வந்தால், அந்த எந்திரத்தின் வெப்பமூலத்தைத் தயார் செய்ய ஆன செலவைச் சேர்த்தார்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் விஷயம் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் 1.4 போட்டுப் பாருங்கள். வேலை மைனஸில் வரும். கணக்கு தப்பில்லை, குளிர்ந்த பக்கத்திலிருந்து வெப்பத்தை இழுத்துச் சூடான பக்கத்துக்குத் தள்ளுகிறது, அதே அணு ஃபிரிட்ஜ் ஆகிவிட்டது.