குபர்னெட்டீஸில் திரெட்டை முறையாக நிறுத்த நான் செய்தது

எங்கள் பைதான் சர்வீஸை நிறுத்தும்போதெல்லாம் லாக் பாதியில் அறுந்துபோகும், காரணம் பின்னணி திரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை) 60 விநாடி ஸ்லீப்பில் கிடக்கும், சிக்டெர்ம் (SIGTERM, நிறுத்தச் சொல்லும் சிக்னல்) வந்ததே அதற்குத் தெரியாது, குபர்னெட்டீஸ் (கன்டெய்னர்களை இயக்கி நிர்வகிக்கும் அமைப்பு) இயல்பாகத் தரும் 30 விநாடி அவகாசம் முடிந்ததும் சிக்கில் (SIGKILL, உடனே கொல்லும் சிக்னல்) வந்து எல்லாவற்றையும் கொன்றுவிடும். டீமன் திரெட்டாக (நிரல் முடியும்போது காத்திருக்காமல் அப்படியே அறுக்கப்படும் திரெட்) மாற்றச் சொல்வார்கள். வேண்டாம், எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல் பாதியில் நின்றுவிடும்.

ஸ்லீப்பை எடுத்துவிட்டு திரெடிங் ஈவென்ட் (திரெட்டுகளுக்குத் தகவல் சொல்லும் கொடி போன்றது) ஒன்றின் மேல் 60 விநாடி வெயிட் போட்டேன். சிக்டெர்ம் வந்ததும் ஓடும் ஹேண்ட்லர் அந்த ஈவென்ட்டை செட் செய்ததுமே திரெட் விழித்துக்கொள்கிறது. கியூவில் (வேலைகள் வரிசையாக வரும் இடம்) அடுத்த வேலைக்குக் காத்திருக்கும் திரெட்டுக்கு இது போதாது, அந்தக் கியூவிலேயே ஒரு வெற்று மதிப்பை (None) போட வேண்டும், அதை எடுத்ததும் லூப்பை விட்டு வெளியே வந்துவிடும். அப்புறம் ஜாயினுக்கு (திரெட் முடியும்வரை காத்திருக்கும் அழைப்பு) 20 விநாடி டைம்அவுட் கட்டாயம் கொடுங்கள், இல்லையென்றால் ஒரு திரெட் சிக்கிக்கொண்டாலும் டேட்டாபேஸ் இணைப்பை மூடக்கூட நேரம் இருக்காது.