கார்டை வெயிலில் வெளிறவைக்க

சேகரிப்பு கார்டுகளின் நிறத்தை வேண்டுமென்றே மங்கவைத்து ஒரு தனித் தோற்றம் கொண்டுவர வெயிலே போதும். அரிய கார்டில் மட்டும் கைவைக்காதீர்கள். போன நிறம் திரும்பாது.

எல்லா நிறமும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. வழக்கமான அச்சில் நான்கு மைகள்: சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு. பெரும்பாலும் மஞ்சளும் மெஜந்தாவும்தான் முதலில் போகும். சயானும் கறுப்பும் லேசில் அசையாது. அதனால்தான் வெயில் பட்ட கார்டில் பச்சைப் புல்வெளி நீலமாகிறது, சிவப்புச் சட்டை வெளிறிப்போகிறது. எந்தப் படம் நன்றாக வரும் என்பதை இதை வைத்தே ஊகிக்கலாம். நீலமும் கறுப்புமாக இருக்கும் கார்டில் மெனக்கெடுவது வீண்.

மங்கக்கூடாத பகுதியை அலுமினியத் தாளால் மூடுங்கள். ஓரம் கார்டோடு ஒட்டிப் படியவேண்டும், இல்லாவிட்டால் கோடு கலங்கலாக விழும். மேலே ஒரு கண்ணாடித் துண்டை வைத்தால் சரியாகிவிடும். கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத் தடுக்கும். வேலை கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். புற ஊதாத் தடுப்பு உறையில் வைத்துவிட்டுக் காத்திருந்தால் மங்குவது இன்னும் மெதுவாகும்.

சூடுதான் உண்மையான எதிரி. பளபளப்புப் படலம் உள்ள கார்டு சட்டென்று வளைந்துவிடும். ஜன்னலோர வெளிச்சம் நல்லது, கார் டேஷ்போர்டு வேண்டாம்.

அப்புறம், இப்படிச் செய்ததை 'மை விடுபட்ட அச்சுப்பிழை' என்று விற்பது மோசடி. வாங்குபவர் வெயில் படாத பின்பக்கத்தையும் உருப்பெருக்கியில் மஞ்சள் புள்ளிகளின் மிச்சத்தையும் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.