விழும் என்று வைத்தே கட்டுங்கள்: உடையும் பொருளை கூரியரில் அனுப்பும் முறை

பெட்டியைக் கையில் வாங்கியபோதே தெரிந்துவிட்டது. லேசாகச் சாய்த்தால் உள்ளே சரளைக்கல் உருள்வது போல ஒரு சத்தம்.

பழைய ரெக்கார்ட் பிளேயர்களைப் பழுது பார்த்துக் கொடுப்பது என் தொழில். பாதிக்கு மேல் கூரியரில் வருகிறது, கூரியரிலேயே திரும்பிப் போகிறது. அன்று வந்தது ஒருவர் தன் அப்பாவின் நினைவாக வைத்திருந்த பிளேயர். வேகம் கொஞ்சம் ஏறி இறங்குகிறது, பெல்ட் மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன் என எழுதியிருந்தார். பெட்டியின் நான்கு பக்கமும் 'உடையும் பொருள், கவனம்' என்று சிவப்பு ஸ்டிக்கர். கொண்டுவந்தவர் அதைக் கீழே வைக்கவில்லை, தோளிலிருந்து நழுவவிட்டார். என் கண் முன்னால்தான் விழுந்தது. ஆனால் ஒரு மூலை அதற்கு முன்பே நசுங்கி உள்ளே போயிருந்தது.

திறந்து பார்த்தேன். அக்ரிலிக் மூடி மூன்று துண்டு. ஊசியைத் தாங்கும் டோன் ஆர்ம் அடியோடு வளைந்து கிடந்தது. ஊசி முனையைக் காணவே இல்லை. தரையில் மோதித்தான் உடைந்தது என்று முதலில் நினைத்தேன். மூடித் துண்டுகளை மேசையில் சேர்த்து வைத்தபோது நடுவில் பிறை வடிவத்தில் ஒரு வடு தெரிந்தது. இசைத்தட்டு உட்காரும் அந்தக் கனமான உலோகத் தட்டை, பிளாட்டர் என்போம், எடுத்து அதன் விளிம்பை வடுவில் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. அனுப்பியவர் பிளாட்டரைக் கழற்றாமலே விட்டிருக்கிறார். பெட்டி விழுந்த நேரத்தில் அது தண்டை விட்டுக் கிளம்பி, உள்ளே இருந்ததையெல்லாம் அடித்து நொறுக்கியிருக்கிறது.

பார்சலைத் தூக்கிப் போடுவதை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். காசு வாங்கிக்கொண்டு, பத்திரமாகக் கொண்டுசேர்ப்போம் என்று சொல்லிச் செய்கிற வேலை அது. நசுங்கி வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் என் கோபம் இதுவரை ஒரு டோன் ஆர்மையும் காப்பாற்றியதில்லை. அந்த வடுவைப் பார்த்த நாளிலிருந்து பேக்கிங்கை வேறு மாதிரி செய்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் அனுப்புவது கேமரா லென்ஸாகவோ கண்ணாடி விளக்காகவோ கம்ப்யூட்டராகவோ இருக்கலாம், முறை ஒன்றுதான்.

பெட்டி எப்படியும் விழும்

ஸ்டிக்கரை நம்பாதீர்கள். பார்சல் பிரிக்கும் இடத்தில் பெல்ட்டிலிருந்து சரிவில் இறங்கும் பெட்டிக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. பெட்டிகளைச் சோதிக்கும் முறைகளை வகுக்கும் இஸ்டா என்றொரு பன்னாட்டு அமைப்பு இருக்கிறது. அதன் ஆரம்பநிலைச் சோதனை ஒன்றில், 9 கிலோ வரையுள்ள பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 10 முறை போடுகிறார்கள். ஒரு மூலை, 3 விளிம்பு, 6 முகம் எல்லாமே அடி வாங்கும். மேசை உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி விழும் என்பதை அந்தத் துறையே ஒத்துக்கொண்டுதான் சோதிக்கிறது.

விழுந்தால் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக வரும். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது கிட்டத்தட்ட மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் 2 மில்லிமீட்டருக்குள் நின்றால், பொருளின் மேல் அதன் எடையைப் போல் சுமார் 500 மடங்கு விசை விழுகிறது. 5 சென்டிமீட்டரில் மெதுவாக நின்றால் 20 மடங்குதான். உங்கள் காசு, உழைப்பு, பப்பிள் ராப் எல்லாம் அந்த 2 மில்லிமீட்டரை 5 சென்டிமீட்டர் ஆக்குவதற்குத்தான்.

அதனால்தான் மெத்தை ரொம்ப மிருதுவாகவும் இருக்கக் கூடாது, ரொம்பக் கெட்டியாகவும் இருக்கக் கூடாது. 12 கிலோ பொருளுக்கு அடியில் மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்தால் அது முதலிலேயே முழுசாக அமுங்கிக் கிடக்கும், விழும்போது அமுங்க இடமே இருக்காது. கால் கிலோ லென்ஸைக் கெட்டித் தெர்மாகோலில் அழுத்திச் செருகினால் தெர்மாகோல் அமுங்கவே அமுங்காது, அடி நேராக லென்ஸுக்குப் போகும். விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு முடிவு பண்ணாதீர்கள். பொருளையே அதன் மேல் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் அமுங்க வேண்டும், இன்னும் அமுங்க நிறைய இடம் மிச்சம் இருக்க வேண்டும்.

முதலில் கழற்றுங்கள்

பேக்கிங் டேப்பை எடுப்பதற்கு முன் பொருளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். இதில் கனமானது எது, மெலிந்தது எது? அவை இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.

பிளேயர் என்றால் நான் கழற்றும் வரிசை இது. முதலில் ஊசிக்கு அதன் காப்பு மூடி. பிறகு ஊசியும் அது பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜும் இருக்கும் ஆர்மின் முனைப்பகுதி, ஹெட்ஷெல் என்போம், கழன்று வரும் வகையாக இருந்தால் அதைத் தனியாக எடுத்து ஒரு சின்ன டப்பாவில் வைப்பேன். டோன் ஆர்மின் பின்னால் இருக்கும் எதிர் எடையைத் திருகி எடுப்பேன். ஆர்மை அதன் தாங்கியில் வைத்து மெல்லிய துணி நாடாவால் கட்டுவேன். ரப்பர் பேண்ட் வேண்டாம், அது இழுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் பிளாட்டர் மேல் விரித்திருக்கும் மேட், பெல்ட், பிளாட்டர். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போன்ற பிளேயர்களில் பிளாட்டரின் அடியிலேயே மோட்டாரின் காந்தம் இருக்கிறது. மேசையில் கிடக்கும் இரும்புத் துகளையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும், அதனால் கழற்றியவுடன் சுற்றிவிடுங்கள். ஸ்பிரிங்கில் மிதக்கும் மாடல்களில் அசையாமல் பூட்டுவதற்குத் தனி ஸ்குரூ இருக்கும். அதை இறுக்க மறந்து அனுப்பினால் வழி நெடுக உள்பகுதி ஆடிக்கொண்டே போகும்.

மற்றப் பொருள்களுக்கும் இதே கண்ணோட்டம்தான். லென்ஸை கேமராவில் பூட்டியபடி அனுப்பாதீர்கள், இரண்டும் சேரும் வளையம்தான் அடி வாங்கும். கம்ப்யூட்டரில் பெரிய கிராபிக்ஸ் கார்டையும் கனமான கூலரையும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் கார்டின் எடையே அது செருகியிருக்கும் இடத்தைப் பிளந்துவிடும். வால்வு ஆம்ப்ளிஃபையரில் வால்வுகளைப் பிடுங்கி ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். இசைத்தட்டு அனுப்புகிறவர்கள் தட்டை அதன் அட்டை உறைக்கு வெளியே வைத்து அனுப்ப வேண்டும், உள்ளேயே இருந்தால் அதன் விளிம்பு உறையின் ஓரத்தைக் கிழிக்கும்.

கழற்றும்போதே ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள். அந்தப் போட்டோக்கள் பின்னால் எவ்வளவு உதவும் என்பதற்கு வருகிறேன்.

பெட்டிக்குள் பெட்டி

விலை உயர்ந்த எதற்கும் இரண்டு பெட்டி. இதில் சமரசமே கிடையாது.

உள்பெட்டியில் பொருள் அசையாமல் உட்கார வேண்டும். அக்ரிலிக் மூடி, பாலிஷ் போட்ட மரம் இவற்றின் மேல் பப்பிள் ராப்பை நேரடியாகச் சுற்றாதீர்கள், குமிழ்களின் வட்டத் தடம் பதிந்துவிடும். முதலில் மெல்லிய நுரைத்தாளோ சுத்தமான பருத்தித் துணியோ, அதற்கு மேல் பப்பிள் ராப். பிளாட்டரைச் சுற்றி உள்பெட்டியின் அடியில் படுக்க வைத்து, அதன் மேல் கெட்டியான நுரைப் பலகை, அதற்கு மேல் பிளேயர். இப்படி வைத்தால் பெட்டி தலைகீழானாலும் தட்டுக்கும் ஆர்முக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. முடிந்தால் பிளாட்டரை வேறு பார்சலாகவே அனுப்பிவிடுவேன்.

வெளிப்பெட்டி புதிதாக இருக்கட்டும். 5 பிளை, அதாவது ஐந்து அடுக்கு அட்டை கேளுங்கள். அட்டைப்பெட்டியின் பலம் அதன் நான்கு நிமிர்ந்த மூலைகளில் இருக்கிறது. ஒருமுறை நசுங்கிய மூலையை நிமிர்த்தி வைத்தாலும் பழைய பலம் திரும்பாது, ஈரம் பட்ட அட்டையும் அப்படித்தான். இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஆறு பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் மெத்தை. உதிரித் தெர்மாகோல் உருண்டைகளைக் கனமான பொருளுக்குப் போடவே போடாதீர்கள். வண்டி குலுங்கக் குலுங்க உருண்டைகள் மேலே வந்துவிடும், பொருள் அடியில் போய் உட்கார்ந்துவிடும். பிளேயருக்கு நான் நுரைப் பலகையை வெட்டி எட்டு மூலைக்கும் கட்டை போல வைப்பேன்.

இந்த இடத்தில்தான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். கூரியரில் உண்மையான எடையோடு பெட்டியின் கன அளவையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான வழக்கம். 60, 50, 40 என்றால் 24 கிலோ வரும், உள்ளே இருப்பது 12 கிலோவாக இருந்தாலும். மனசு கேட்காமல் சின்னப் பெட்டிக்கு மாறத் தோன்றும். மாறாதீர்கள். பெட்டியைச் சுருக்கினால் சுருங்குவது மெத்தைதான்.

வெளிப்பெட்டியை மூடும் முன் குலுக்கிப் பாருங்கள். காதை வைத்துக் கேளுங்கள். ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி செய்யுங்கள். அப்புறம் நான் செய்கிற ஒரு காரியம்: முழங்கால் உயரத்திலிருந்து என் கையாலேயே பெட்டியைத் தரையில் போடுவேன். போடக் கை வரவில்லை என்றால் பேக்கிங் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம், திரும்பப் பிரித்துவிடுவேன்.

டேப் ஒட்டும்போது நடுக்கோட்டோடு நிறுத்தாமல் இரண்டு ஓர விளிம்புகளுக்கும் ஒட்டுங்கள், அடியிலும் மேலேயும். முகவரியை எழுதிய தாள் ஒன்று பெட்டிக்குள்ளும் இருக்கட்டும். சரி, ஸ்டிக்கர்? ஒட்டுங்கள். கண்ணாடிக் கோப்பை, மேல்நோக்கிய அம்புக்குறி என்று எழுத்தில்லாத படங்களாக இருந்தால் எந்த மொழிக்காரருக்கும் புரியும். பெட்டியைக் கையில் எடுக்கும் ஒரு மனிதராவது பார்த்து மெதுவாக வைப்பார். பலத்த அதிர்ச்சி பட்டால் சிவப்பாக மாறும் ஸ்டிக்கரும் கிடைக்கிறது. யார் போட்டார்கள் என்று அது காட்டாது. ஆனால் வாங்குகிறவருக்கு வாசலிலேயே எச்சரிக்கை கிடைத்துவிடும்.

காகித வேலை

அப்பாவின் பிளேயரை அனுப்பியவர் நஷ்டஈடு கேட்டார். பேக்கிங் போதாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவர் இரண்டு போர்வையில் சுற்றித்தான் அனுப்பியிருந்தார், அதனால் மேற்கொண்டு பேச வழியில்லை. தோளிலிருந்து விழுந்ததை நான் நேரில் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தும் பலன் இல்லை. அந்தப் பதிலைப் படித்துவிட்டு அவர் எனக்கு போன் செய்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

கூரியர் ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் இழப்பீடு பொருளின் மதிப்பைப் பார்த்து வராது, எடையைப் பார்த்தோ ஒரு சிறு தொகையாகவோதான் வரும். நாடு விட்டு நாடு விமானத்தில் போகும் சரக்குக்கு 1999-இன் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும் இடங்களில் பொறுப்பின் உச்சம் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர்., அதுவும் 2024 டிசம்பர் 28 முதல்தான். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அரைக் கிலோ பார்சலுக்கு 13 எஸ்.டி.ஆர்., உள்ளே இருக்கும் லென்ஸ் எத்தனை அரியதாக இருந்தாலும் சரி. அனுப்பும்போதே மதிப்பை அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் கட்டியிருந்தால் இந்த உச்சவரம்பு மாறும். எனவே மதிப்பை உண்மையாக எழுதுங்கள், தனிக் காப்பீடு எடுங்கள். பேக்கிங் சரியில்லை என்று காட்டி ஒதுக்கும் விதி அதிலும் இருக்கும். கழற்றும்போதும் கட்டும்போதும் எடுத்த போட்டோக்கள் அங்கேதான் பேசும். அளவுகோலை வைத்து 5 சென்டிமீட்டர் மெத்தை தெரியும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

வாங்குகிறவருக்கும் வேலை இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் ஆறு முகத்தையும் பாருங்கள். நசுங்கியிருந்தால் 'பெட்டி சேதத்தோடு வந்தது' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வந்திருப்பவர் அவசரப்படுவார். அவருக்கு இன்னும் எத்தனையோ வீடு இருக்கிறது, அவரோடு சண்டை வேண்டாம். "ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, நடுவில் நிறுத்தாமல், பிரிப்பதை வீடியோ எடுங்கள். உடைந்திருந்தால் பெட்டி, நுரை, டேப் எதையும் எறியாதீர்கள். அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் கெடு பார்சல் கைக்கு வந்த 14 நாள். சில நிறுவனங்களின் விதியில் அது இன்னும் குறைவு.

கடைசியாக, உள்பெட்டி மூடியின் மேல் நான் ஒரு தாள் ஒட்டுகிறேன். ஒருமுறை ஒருவர் எதிர் எடை இருந்த சின்ன டப்பாவை நுரையோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டார், மாற்று கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அதிலிருந்து இந்தப் பழக்கம். தாளில் இருப்பது இவ்வளவுதான்: "உள்ளே 6 பொட்டலம். எண்ணி எடுக்கவும். ஊசி 4-ஆம் எண் டப்பாவில். ஆர்மில் கட்டியிருக்கும் வெள்ளை நாடாவைக் கடைசியில் அவிழ்க்கவும்."