பரணில் கிடக்கும் பங்குப் பத்திரத்தை டீமேட் ஆக்க

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் வீட்டுப் பரண்களில் இன்னும் காகிதப் பங்குகள் கிடக்கின்றன. 2019 ஏப்ரலிலிருந்து அவற்றை அப்படியே விற்க முடியாது; டீமேட் ஆக்கி, அதாவது மின்னணுப் பதிவாக மாற்றித்தான் விற்க முடியும். டீமேட் கணக்கு உள்ள புரோக்கரிடமோ வங்கியிடமோ டிஆர்எஃப் என்ற டீமேட் கோரிக்கைப் படிவம் வாங்குங்கள், கம்பெனிக்கு ஒன்று. ஃபோலியோ எண் (கம்பெனிப் பதிவேட்டில் உங்கள் கணக்கு எண்), சான்றிதழ் எண், பங்குகளின் வரிசை எண்கள் எல்லாவற்றையும் பத்திரத்தைப் பார்த்தே எழுதுங்கள். ஒப்படைக்கும் முன் இருபுறமும் ஜெராக்ஸ்.

விண்ணப்பம் பெரும்பாலும் திரும்பி வருவது பெயரால்தான். பத்திரத்தில் 'கே. சுப்பிரமணியன்' என்றிருக்கும்; பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும். நம்மவர்களுக்கு இந்த இன்ஷியல் தீராத தலைவலி. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கான ஆதாரத்தையும் சேர்த்தே கொடுங்கள். கூட்டுப் பெயர்களின் வரிசை டீமேட் கணக்கில் மாறியிருந்தால் டிரான்ஸ்போசிஷன் (பெயர் வரிசை மாற்றும்) படிவமும் தேவை. கையெழுத்து மாறிப்போயிருந்தால் ஐஎஸ்ஆர்-2 என்ற கையெழுத்து உறுதிப் படிவத்தில் வங்கியின் சான்று வாங்கி, பங்குப் பதிவாளரிடம் (கம்பெனியின் பங்குதாரர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவர்) முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.